விரைவும் தெளிவும்: மென்பொருளாக்கத்திற் பயன்படுதன்மை ஆய்வு வளர்ந்த வரலாறு

கைவினைக் காலத்திற் கருவி செய்வோனும் அதனைக் கையாள்வோனும் ஓரூரினராகவே வாழ்ந்தனர். உழவனுடைய கையளவையும் அவன் நிலத்தின் தன்மையையும் அறிந்தே தச்சன் கலப்பையைச் செய்தான். பிடி பொருந்தாதாயின் அன்று மாலையே கலப்பை பட்டறைக்குத் திரும்பிவரும். மறுநாட் காலை திருத்தமுற்று வயலுக்குச் செல்லும். அக்காலத்திற் பயனரை ஆராய்வதென ஒரு தனிக்கலை வேண்டப்படவில்லை. தொழிற்சாலைகள் தோன்றியபின் இந்நெருக்கம் அற்றது. ஒரு நாட்டிற் செய்யப்பட்ட பொறியை மற்றொரு நாட்டினர் கையாளுங் காலத்தில், அவர் படும் இடர் செய்தோன் செவியை எட்டுவது அரிதாயிற்று. கணினி யுகத்தில் இவ்விடைவெளி மேலும் பெரிதாயிற்று. மென்பொருளை எழுதுவோர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியையும் சிந்தனை முறையையும் திரையில் ஏற்றிவிட, அதன்முன் அமர்ந்த எழுதுவினைஞரும் தாதியரும் மாணவரும் திகைத்து நின்றனர்.

இவ்விடைவெளியைக் குறைக்கவெழுந்த துறையே பயன்படுதன்மை ஆய்வு எனப்படுவது. ஒரு கருவியை அதற்குரியோர் தம் கருமம் முடிக்குமாறு, தவறு குறைவாகவும் காலவிரயமின்றியும், சலிப்பின்றியும் கையாள இயலுமா எனக் கண்டறிவதே அதன் நோக்கம். ஆனால், இவ்வாய்வு வளர்ந்து ஒரு முறைமையாக உருப்பெற்ற அதே காலத்தில், மென்பொருளாக்கமும் வேகம்பெறலாயிற்று. ஆண்டுக்கணக்கில் ஆக்கப்பட்டவை மாதக்கணக்கிலும், பின்னர் வாரக்கணக்கிலும் வெளிவரலாயின. ஆறு வாரம் ஆராய்ந்து அறுபது பக்க அறிக்கை தருவோர், இரு வாரத்திற் கருமம் முடிப்போருடன் எவ்வாறு இணைந்து செல்வர்? விரைவின்பொருட்டு ஆய்வில் எதனை விடலாம், எதனை விடலாகாது? இவ்வினாக்களுக்கு விடைதேடிய வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தோற்றுவாய்

இத்துறையின் வேர் கணினிக்கு முற்பட்டது. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அமெரிக்க விமானப்படையின் பீ-17 குண்டுவீச்சு விமானங்கள் சில, தரையிறங்கியபின் ஓடுபாதையிலே சில்லுகள் மடங்கிக் கீழே வீழ்ந்தன. விமானியின் கவனக்குறைவே காரணமென முதலிற் கூறப்பட்டது. 1942ஆம் ஆண்டு அப்படையின் மருத்துவ ஆய்வுகூடத்திற் சேர்ந்த அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானியிருக்கையை உற்றுநோக்கினார். சில்லுகளை இயக்கும் பிடியும் சிறகின் மடிப்பை இயக்கும் பிடியும் அருகருகே, ஒரே தோற்றத்தில் அமைந்திருந்தமை புலனாயிற்று. ஒன்றின் முனையிற் சில்லு வடிவமும் மற்றதன் முனையில் ஆப்பு வடிவமும் பொருத்துக என்றார் அவர். கண் காணாவிடினும் கை அறிந்துகொண்டது, தவறும் நீங்கிற்று. 1947ஆம் ஆண்டில் போல் பிற்ஸ், றிச்சட் ஜோன்ஸ் ஆகிய இருவரும் விமானியின் பிழையெனப் பெயர்பெற்ற 460 நிகழ்ச்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றுட் பல பொறியமைப்பின் பிழைகளே என எடுத்துக்காட்டினர். பிழை மனிதனுடையதெனத் தோன்றுமிடத்துக் கருவியை நோக்குக என்னும் இக்கருத்தே பின்வந்த ஆய்வுகள் அனைத்துக்கும் அடிப்படையாயிற்று.

யுத்தம் முடிந்தபின் இவ்வறிவு அன்றாட வாழ்வுக்கு வந்தது. பெல் ஆய்வுகூடத்தில் 1945ஆம் ஆண்டு சேர்ந்த ஜோன் கார்லின் என்பவர் தொலைபேசியைக் கையாள்வோரை ஆராயும் ஒரு பகுதியை அங்கு உருவாக்கினார். சுழற்றும் வட்டுக்குப் பதிலாகப் பொத்தான்களை அமைக்கக் கருதியபோது, அவற்றை எவ்வாறு வரிசைப்படுத்துவதென அவர்கள் ஊகித்து முடிவுசெய்யவில்லை. பலவகை அமைப்புக்களைச் செய்து, மக்களைக்கொண்டு இலக்கங்களை அழுத்தச்செய்து, நேரத்தையும் தவறுகளையும் விருப்பத்தையும் அளந்தனர். அவ்வாய்வின் முடிபுகள் 1960ஆம் ஆண்டு வெளியாயின. 1963ஆம் ஆண்டு நவம்பரிற் பொத்தான் தொலைபேசி பொதுமக்கள் சேவைக்கு வந்தது. கூட்டற் பொறியில் ஏழு, எட்டு, ஒன்பது என்பன மேல்வரிசையில் இருக்க, தொலைபேசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்பன மேல்வரிசையில் அமைந்தமை இவ்வாய்வின் விளைவே. இன்று கைத்தொலைபேசியின் கண்ணாடித் திரையிலும் அதே வரிசை நிலைபெற்றிருத்தல் கண்கூடு.

எனினும், பெல் நிறுவனத்திற்கு இருந்த அவகாசம் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. போட்டியின்றி ஒரு நாட்டின் தொலைபேசிச் சேவையிற் பெரும்பகுதியை நடத்திய நிறுவனம் ஆண்டுக்கணக்கில் ஆராயலாம். மென்பொருள் வணிகத்தின் நிலை வேறு.

அருவி முறையும் அதன் குறையும்

மென்பொருள்கள் பெருகப் பெருக அவற்றை ஆக்கும் முறையிற் குழப்பம் மிகுந்தது. 1968ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் நகரிற் கூடிய மாநாடு இந்நெருக்கடியை வெளிப்படையாக ஆராய்ந்தது. 1970ஆம் ஆண்டில் வின்ஸ்ரன் றொய்ஸ் என்பவர் எழுதிய கட்டுரையொன்றில், தேவையறிதல், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலெழுதல், சோதித்தல், இயக்குதல் எனப் படிப்படியாக இறங்கிவரும் ஒரு படம் இடம்பெற்றது. பிற்காலத்தார் அதற்கு அருவி முறை எனப் பெயரிட்டு அதனையே நியதியாகக் கொண்டனர். ஆனால், றொய்ஸ் அப்படத்தை வரைந்தது அதனை அவ்வாறே பின்பற்றற்பொருட்டன்று. சோதனை இறுதியில் நிற்குமாயின் தோல்விக்கு இடமுண்டென எச்சரித்து, புதிய ஆக்கமொன்றை முதலிற் சிறிதாகச் செய்துபார்த்துப் பின்னர் முழுமையாகச் செய்தல் வேண்டுமென்றே அவர் வற்புறுத்தினார். படம் நிலைத்தது, எச்சரிக்கை மறக்கப்பட்டது.

தமிழ்ப் புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்றிய பின்னரே உலகிற்கு வழங்கினர். அவ்வவை பிழைகூறுமாயின் புலவர் பாடலைத் திருத்திக்கொள்வர். அருவி முறையிலும் இறுதியில் ஓர் அரங்கேற்றம் உண்டு. ஆயின், இலட்சக்கணக்கான வரிகள் எழுதி முடிந்து, விற்பனை நாளுங் குறித்தபின் வரும் பிழைகூறலால் விளையும் பயன் யாது? இடர்ப்பாடுகளைப் பட்டியலிட்டுக் கைந்நூலில் விளக்கம் எழுதுவதன்றி வேறொன்றுஞ் செய்ய இயலாது. ஆய்வு பிந்தி வருதலே அதன் பயனின்மைக்கு முதற் காரணமாயிற்று.

முன்கூட்டியே வினவியோர்

இந்நிலையில் முற்கூட்டிப் பயனரை நாடிய சிலர் இருந்தனர். கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ரோ ஆய்வு நிலையத்தில் லரி ரெஸ்லர், ரிம் மொற் ஆகிய இருவரும் 1970களின் நடுப்பகுதியில் ஜிப்சி என்னும் எழுத்துத் தொகுப்பு மென்பொருளை ஆக்கினர். அது ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர்களுக்கென அமைந்தது. நிரலெழுதுமுன்னரே ரெஸ்லர், கணினிப் பழக்கமில்லாத ஒரு செயலாளரை வெறுந்திரையின்முன் அமர்த்தி, தாளிலுள்ள திருத்தங்களை இத்திரையிற் செய்வதாயின் எவ்வாறு செய்ய விரும்புவீர் என வினவினார். அவர் கூறிய வழிகள் நிரலாளர் பழகிய வழிகளினின்றும் வேறுபட்டு, மிக எளியனவாய் இருந்தன. வெட்டல், ஒட்டல் என இன்று உலகெங்கும் வழங்கும் செயல்கள் அம்மென்பொருள்வழி உருப்பெற்றனவே.

ரெஸ்லர் பின்னர் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1983ஆம் ஆண்டு வெளிவந்த லிசா என்னும் கணினிக்காக அங்கு நிகழ்ந்த சோதனையொன்று இத்துறையிற் பெரிதும் எடுத்தாளப்படுவது. செயலை உறுதிசெய்யும் பொத்தானில், செய்க என்னும் பொருளில், 'டூ இட்' என்னும் இரு ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. சொற்களிடையே இடைவெளி போதாமையாலும் எழுத்தின் வடிவினாலும், பயனரொருவர் அதனை மூடன் எனப் பொருள்படும் 'டோல்ட்' என்னும் ஒரே சொல்லாக வாசித்து, இப்பொறி தம்மை ஏன் இகழ்கின்றது எனச் சினந்தார். அதன்பின் அவ்விடத்து 'ஓகே' என்னுஞ் சொல் அமைந்தது. வல்லுநர் பலர் மாதக்கணக்கில் நோக்கியும் காணாததை, புதியவரொருவர் சில நிமிடத்திற் காட்டிவிட்டார். பழகிய கண் எழுதியதை வாசிப்பதில்லை. எழுத நினைத்ததையே வாசிக்கின்றது.

ஸ்கந்திநேவிய நாடுகளில் 1981 முதல் 1985 வரை நிகழ்ந்த உற்றோப்பியா என்னும் ஆய்வுத்திட்டம் மற்றொரு வழியைக் காட்டிற்று. அச்சகத் தொழிலாளரின் சங்கங்களோடு இணைந்து நிகழ்ந்த இத்திட்டத்தில், வரவிருக்கும் பக்க அமைப்புப் பொறிகளை மட்டையாலும் ஒட்டுப்பலகையாலும் போலியாகச் செய்துவைத்து, தொழிலாளரை அவற்றிலே வேலைசெய்வதுபோல் நடிக்கச்செய்தனர். வெறும் மட்டைப்பெட்டியொன்று லேசர் அச்சுப்பொறியாக நின்றது. பெட்டியின் விலை சொற்பம். அதனைக் கிழித்தெறிந்து வேறு செய்வதற்கு எவரும் தயங்கவில்லை. தாளிலும் மட்டையிலும் முன்மாதிரி செய்யும் வழக்கத்திற்கு இது சிறந்த முன்னோடி எனலாம்.

ஐ.பீ.எம். நிறுவனத்தின் ஜோன் கூல்ட், கிளேற்றன் லூயிஸ் ஆகிய இருவரும் இவ்வனுபவங்களைக் கோட்பாடாக வகுத்தனர். பயனரையும் அவர்தம் பணியையும் தொடக்கத்திலேயே அறிதல், அவர் கையாளுவதை அளந்தறிதல், கண்டதற்கேற்பத் திருத்தித் திருத்தி ஆக்கல் என்னும் மூன்றையும் 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர்கள் நிறுவினர். இவை எவர்க்குந் தெரிந்தவையன்றோ எனக் கூறுவார்க்கு விடையாக, வடிவமைப்பாளர் நூற்றுக்கணக்கானோரை அவர்கள் முன்னரே வினவியிருந்தனர். மூன்றையுந் தாமாகவே கூறியோர் சிறுபான்மையினராகவே இருந்தனர்.

அக்கோட்பாடு செயலில் நிறைவேறியது 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விளையாட்டு விழாவில். வீரர்களுக்கு உறவினரும் நண்பரும் விடுக்கும் குரற்செய்திகளைச் சேர்த்துவைக்கும் ஒரு முறைமையைக் கூல்ட் குழுவினர் ஆக்கினர். விழா நாளை எவராலும் ஒத்திவைக்க இயலாது; தவறின் உலகமே நகைக்கும். ஆகவே, நிரலெழுதுமுன்னரே சிறு காட்சிகளையும் பயனர் கைந்நூலையும் எழுதிப் பலர்க்குக் காட்டினர். போலியான ஒரு கூண்டைத் தம் ஆய்வுகூட நடையிலே நிறுத்தி, போவோர் வருவோரெல்லாம் தொட்டுப் பார்த்துக் கருத்துரைக்கச் செய்தனர். மாணவரைக் கொணர்ந்து, இம்முறைமையை முறித்துக் காட்டுக எனத் தூண்டினர். எதுவும் பெருஞ்செலவினதன்று, ஆயினும் ஒவ்வொன்றும் முறைமையை மாற்றியமைத்தது. காலநெருக்கடி ஆய்வைக் கைவிடுதற்குக் காரணமாகாது, அதனைப் பலமுறை சிறிது சிறிதாகச் செய்தற்கே காரணமாகும் என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஐவர் என்னுங் கணக்கு

எனினும், 1980களிற் பயன்படுதன்மை ஆய்வு என்றவுடன் பலர் மனத்தில் எழுந்த தோற்றம், ஒருபுறக் கண்ணாடியும் ஒளிப்பதிவுக் கருவிகளும் புள்ளிவிவர அட்டவணைகளும் நிறைந்த தனி ஆய்வுகூடமே. அவ்வசதி இல்லாதோர் ஆய்வே வேண்டாவென விட்டனர். இந்நிலையை எதிர்த்தெழுந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜேக்கப் நீல்சன். 1989ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் நிகழ்ந்த மாநாட்டில் அவர் கழிவு விலைப் பயன்படுதன்மை எனத்தக்க ஒரு முறையை முன்வைத்தார். அது மூன்று உறுப்புக்களை உடையது. முழுப்பொறிக்குப் பதிலாக ஒரு சிறு பாதையை மட்டுங் காட்டும் எளிய முன்மாதிரி ஒன்று. பயனர் தாம் நினைப்பதை வாய்விட்டுக் கூறிக்கொண்டே கருமஞ்செய்ய, ஒருவர் அருகிருந்து குறிப்பெடுத்தல் ஒன்று. அறிந்தோர் சிலர் தனித்தனியே அமர்ந்து சில பொதுவிதிகளோடு திரையை ஒப்பிட்டுக் குறைகாணல் ஒன்று. மூன்றாவதை நீல்சனும் றொல்வ் மோலிச்சும் 1990ஆம் ஆண்டில் விரித்துரைத்தனர்.

எத்துணைப் பயனர் போதுமென்பது அடுத்த வினா. நீல்சனும் தோமஸ் லண்டோயரும் 1993ஆம் ஆண்டிற் பல ஆய்வுகளின் முடிபுகளைத் திரட்டிக் கணித்தனர். ஒரு பயனர் சராசரியாகக் குறைகளுள் 31 வீதத்தை வெளிப்படுத்துவாரென அவர்கள் கண்டனர். எனவே, ஒருவர்க்குப்பின் 69 வீதம் எஞ்சும். இரண்டாமவர் அவ்வெஞ்சியதில் 31 வீதத்தைக் காட்ட, மொத்தம் 52 வீதமாகும்; முதலாமவர் கண்டவற்றையே அவர் மீளவுங் காண்பதால் இரட்டிப்பாவதில்லை. மூவரால் 67 வீதமும், ஐவரால் ஏறத்தாழ 85 வீதமும் புலப்படும். பதினைந்து பேரை வைத்தால் ஏறக்குறைய அனைத்தும் வெளிப்படும். ஆயின், பதினைவரை ஒருங்கே வைத்து ஒருமுறை சோதிப்பதினும், ஐவரை வைத்துச் சோதித்துத் திருத்தி, மீண்டும் ஐவர், மீண்டும் ஐவர் என மும்முறை செய்தலே சிறந்ததென்பது நீல்சனின் அறிவுரை. திருத்தம் சரியானதா என்பதும் அடுத்த ஐவரால் அறியப்படும் அன்றோ?

இவ்வறிவுரையின் பிற்பகுதியை மறந்து, ஐவர் போதும் என்னும் முற்பகுதியை மட்டும் பலர் பற்றிக்கொண்டனர். அதற்கு மறுப்பும் எழுந்தது. ஜரெட் ஸ்பூல், வில் ஷ்ரோடர் என்போர் 2001ஆம் ஆண்டில் நான்கு வலைத்தளங்களில் 49 பயனரைக்கொண்டு ஆராய்ந்து, முதல் ஐவர் 35 வீதமான குறைகளையே காட்டினர் என அறிவித்தனர். லோறா போக்னர் 2003ஆம் ஆண்டில் 60 பயனரின் முடிபுகளிலிருந்து ஐவ்வைவராகப் பலமுறை தெரிந்தெடுத்துக் கணித்தார். சராசரி 85 வீதத்தை அண்மியிருந்தது உண்மையே. ஆயினும் சில ஐவர் குழுக்கள் 99 வீதத்தைக் காண, சில 55 வீதத்தையே கண்டன. சராசரியை நம்பி ஒருமுறை மட்டுஞ் சோதிப்போன், தனக்குக் கிடைத்தது எக்குழுவென அறியான்.

மோலிச் நிகழ்த்திய ஒப்பாய்வு இதனினும் வலிய எச்சரிக்கையாகும். 1998ஆம் ஆண்டளவில் ஒன்பது குழுவினர் ஹொட்மெயில் என்னும் மின்னஞ்சற் சேவையைத் தனித்தனியே சோதித்தனர். அவர்கள் கூறிய குறைகள் மொத்தம் 310. அவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஒரேயொரு குழுவாற் கூறப்பட்டவை. ஆய்வு விரைவானதாயினும் விரிவானதாயினும், அஃது ஓர் அளவுகோலன்று. இருட்டறையிற் பிடிக்கும் ஒரு விளக்கு. விளக்குப் பட்ட இடம் தெரியும். படாத இடத்தில் ஒன்றுமில்லையெனக் கூறலாகாது.

வேகயுகம்

2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் யூற்றா மாநிலத்து ஸ்னோபேட் என்னும் மலைவிடுதியிற் கூடிய 17 மென்பொருளாளர் ஓர் அறிக்கையை வெளியிட்டனர். அஜைல் எனப்படும் இயக்கம் அதனாற் பெயர்பெற்றது. அவருட் சிலர் 1990களிலேயே ஸ்க்ரம், எக்ஸ்ட்றீம் புரோகிராமிங் முதலிய முறைகளை வகுத்திருந்தனர். பெருந்திட்ட ஆவணங்களினும் இயங்கும் மென்பொருளே மேலானதென்றும், சில வாரங்களுக்கொருமுறை அதனை வழங்குதல் வேண்டுமென்றும், மாற்றத்தை வரவேற்றல் வேண்டுமென்றும் அவர்கள் கொண்டனர். திருத்தித் திருத்தி ஆக்கல் என்னும் கூல்ட்டின் மூன்றாங் கோட்பாடு இதிற் பொதிந்துள்ளமை தெளிவு. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறையிற் குழுவினர் உரையாடும் வாடிக்கையாளர் பெரும்பாலும் பணங்கொடுப்பவரோ அவர்தம் பிரதிநிதியோ ஆவர். திரையின்முன் நாள்தோறும் அமர்பவர் அல்லர். வாடிக்கையாளர் திருப்தியுறப் பயனர் வருந்துவதும் நிகழக்கூடியதே.

இவ்விரு நெறியினரும் முதலில் முரண்பட்டனர். 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் உரையாடலில், வடிவமைப்பு முடிந்த பின்னரே நிரலெழுதல் தொடங்கவேண்டுமென அலன் கூப்பர் வாதிட்டார். அவ்வாறாயின் வடிவமைப்பாளரே அனைத்தையுந் தடுத்துநிற்கும் மடையாகிவிடுவர் எனக் கென்ற் பெக் மறுத்தார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கூப்பர் அஞ்சியது ஆராயாது கட்டலை; பெக் அஞ்சியது கட்டாது ஆராய்தலை.

இம்முரணைத் தீர்த்தவை சொற்போர்களல்ல, செயல்முறைகளே. அவற்றுள் ஒன்று மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் எழுந்தது. 1999ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு கணினி விளையாட்டின் பயிற்சிப் பகுதியைச் சோதித்தபோது, மைக்கல் மெட்லொக், டெனிஸ் விக்சன் முதலியோர் அறிக்கைக்குக் காத்திராது, ஒரு பயனர் இடர்ப்பட்டு அதன் காரணமுந் திருத்தமும் வெளிப்படையாயின், அடுத்த பயனர் வருமுன்னரே மென்பொருளைத் திருத்தினர். 2002ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டபோது அதற்கு வேண்டியனவற்றையுங் கூறினர். முடிவெடுக்கும் அதிகாரமுடையோர் சோதனையின்போது உடனிருத்தல் வேண்டும். ஒரு திருத்தம் புதுக்குறையை விளைத்ததா என அறியப் பின்னரும் பயனரை அழைத்தல் வேண்டும். கலப்பை மாலையிற் பட்டறைக்கு வந்து காலையில் வயலுக்குச் சென்ற பழைய நிலை ஈண்டு மீண்டும் கைகூடியது எனலாம்.

மற்றொன்று கனடாவின் ரொறன்ரோ நகரில், ஓவியம் வரையும் மென்பொருள்களை ஆக்கிய ஏலியஸ் நிறுவனத்தில் வளர்ந்தது. அந்நிறுவனம் பின்னர் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தோடு இணைந்தது. லின் மில்லர் 2005ஆம் ஆண்டிலும் டெசிறே சை 2007ஆம் ஆண்டிலும் இதனை விவரித்துள்ளனர். நிரலாளர் ஒரு சுற்றிற் கருமஞ்செய்கையில், வடிவமைப்பாளர் அடுத்த சுற்றுக்குரிய முன்மாதிரியைச் சோதித்துத் திருத்துகின்றனர்; சென்ற சுற்றில் நிரலெழுதி முடிந்ததையும் பயனரிடங் காட்டி நோக்குகின்றனர்; அதற்கடுத்த சுற்றுக்கென வாடிக்கையாளர் பணியிடஞ் சென்று செய்தி திரட்டுகின்றனர். பெரிய வினாவொன்று ஒரு சுற்றுள் அடங்காதாயின் அதனைச் சிறு வினாக்களாகப் பகுத்துச் சுற்றுக்கொன்றாக ஆராய்கின்றனர். கண்டவற்றை அறிக்கையாக எழுதாது, நாட்கூட்டத்தில் வாயாற் கூறுகின்றனர். ஆய்வு முன்னே ஓரடியும் பின்னே ஓரடியும் வைத்து நடத்தலால் ஆக்கம் தடைப்படுவதில்லை.

பின்வந்தோர் இதனை இன்னும் எளிதாக்கினர். மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, மூவரை வைத்துச் சோதித்து, நண்பகலுணவின்போதே எதனைத் திருத்துவதென முடிவுசெய்க என ஸ்ரீவ் குறுக் 2010ஆம் ஆண்டு நூலிற் கூறினார். கூகிள் நிறுவனத்தில் ஜேக் நாப் வகுத்து 2016ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட முறையில், திங்கள் முதல் வியாழன் வரை சிந்தித்தும் வரைந்தும் முன்மாதிரி செய்தும், வெள்ளியன்று ஐவரைக்கொண்டு சோதித்தும் ஐந்து நாளில் ஒரு கருத்தின் தகுதி அறியப்படுகின்றது. இம்முறைகளிற் குழுவினர் அனைவரும் சோதனையைத் தாமே காணுதல் வற்புறுத்தப்படுவது கருதத்தக்கது. பிறர் எழுதிய பத்துப் பக்கத்தினும், தாம் ஆக்கிய திரையின்முன் ஒருவர் திணறுவதைக் காணும் பத்து நிமிடமே ஆக்கியோர் மனத்தை மாற்றுவது.

விடத்தக்கதும் விடத்தகாததும்

இவ்வரலாற்றால் விளங்குவன சில. விரைவின்பொருட்டு விடத்தக்கவை பல உள: ஆய்வுகூடம், கண்ணாடி, ஒளிப்பதிவு, அறிக்கை, முழுமையான முன்மாதிரி, பெருந்தொகைப் பயனர் என்பன அவை. விடத்தகாதது ஒன்றே: உண்மையான பயனர், உண்மையான கருமத்தைச் செய்ய, ஆக்கியோர் வாய்மூடி அருகிருந்து நோக்குதல்.

அதனை விட்டால் விளைவது யாதென்பதற்கு, மென்பொருளுக்குப் புறம்பான ஒரு நிகழ்ச்சி தக்க உதாரணமாகும். 2000ஆம் ஆண்டு அமெரிக்க சனாதிபதித் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் முதியோர் வசதிகருதி வாக்குச்சீட்டின் எழுத்துக்களைப் பெரிதாக்கினர். அதனாற் பெயர்கள் இரு பக்கங்களிலும் பிரிந்தமைய, துளையிடும் நிரை நடுவில் நின்றது. இடப்பக்கத்தில் இரண்டாவதாக நின்ற கோரின் பெயருக்கு மூன்றாந் துளை உரியதாயிற்று. இரண்டாந் துளை வலப்பக்கத்து புக்கானனுக்கு உரியது. புக்கானன் அம்மாவட்டத்தில் 3,400க்கு மேற்பட்ட வாக்குக்களைப் பெற்றார்; ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டமையாற் கழிந்த சீட்டுக்கள் 19,000க்கு மேற்பட்டன. கோருக்கென எண்ணி இட்ட வாக்குக்கள் 2,000க்கு மேற்பட்டவை புக்கானனுக்குச் சென்றனவென அரசியல் ஆய்வாளர் 2001ஆம் ஆண்டிற் கணித்தனர். மாநிலத்தின் இறுதி வேறுபாடோ 537 வாக்குக்களே. மாதிரிச் சீட்டு முன்னரே வாக்காளர்க்கு அனுப்பப்பட்டது. பலரும் அதனை நோக்கினர். ஆயின், நோக்குதல் வேறு, கையாளுதல் வேறு. முதியோர் சிலரை அமர்த்தி, இன்னார்க்குத் துளையிடுக எனக் கூறி ஒரு மணிநேரம் பார்த்திருப்பின் அவ்விடர் வெளிப்பட்டிருத்தல் கூடும். நல்லெண்ணம் சோதனைக்கு ஈடாகாது.

இன்று வைத்தியசாலை, வங்கி, வரித்திணைக்களம், பரீட்சை விண்ணப்பம் என அனைத்தும் திரைவழி நிகழ்வனவாயின. ஆகவே, ஒரு பொத்தானின் தெளிவின்மை ஒருவரது சலிப்போடு முடிவதில்லை. அவர்க்குரிய உரிமையையே தடுத்துவிடல் கூடும். விரைந்து செய்யும் ஆய்விற்கும் எல்லை உண்டு. பயனர்க்கு இக்கருவி வேண்டுவதுதானா என்னும் வினாவுக்கு ஐவரைக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் விடைகாண இயலாது. அழைத்தவுடன் வரக்கூடிய நகரத்தாரையும் கற்றோரையுமே மீண்டும் மீண்டும் சோதிப்பின், பார்வை குன்றியோரும் முதியோரும் பிறமொழியாளரும் கணக்கிலே வாரார். ஒருவரும் இடர்ப்படவில்லை என்னும் முடிபு, இடர்ப்படுவோர் எவரும் அழைக்கப்படவில்லை என்பதன் மறுபெயராகவும் இருக்கலாம். அத்தகையோரைத் தேடிச்செல்லும் நீண்ட ஆய்வு, சுற்றுக்களுக்குப் புறம்பே, தனக்குரிய அவகாசத்தில் நிகழ்தல் வேண்டும்.

அண்மைக் காலத்திற் பெருமொழி மாதிரிகளைப் பயனராக நடிக்கச்செய்து அவற்றையே வினவும் வழக்கமும் தோன்றியுள்ளது. அஃது எல்லாவற்றினும் விரைவானது, பயனரை அழைக்கவேண்டியதுமில்லை. ஆயின், தச்சன் உழவனைக் காணாது, உழவன் கூறக்கூடியதைத் தானே ஊகித்துக்கொண்ட இடத்திலன்றோ இவ்விடர்கள் அனைத்துந் தொடங்கின? லிசாவின் திரையிற் கண்ட சொல்லை மூடன் என வாசிக்கப்படுமென எவரும் எதிர்பார்த்திலர். எதிர்பாராததைக் கூறியமையே அப்பயனரின் பயன். எதிர்பார்த்ததை விரைவாகக் கூறும் ஒரு கருவி துணையாகலாம், சாட்சியாகாது.

எண்பது ஆண்டுகளாக இத்துறை கருவிகளை மாற்றிற்று. கால அளவை ஆண்டிலிருந்து நாளாகச் சுருக்கிற்று. ஆய்வுகூடத்தை நடைபாதைக்குக் கொணர்ந்தது. சப்பானிஸ் விமானியிருக்கையில் நோக்கியதும், இன்று ஓர் இளம் வடிவமைப்பாளர் கைத்தொலைபேசியைப் பிறரிடங் கொடுத்து நோக்குவதும் ஒரே செயலே. செய்பவனும் கையாள்பவனும் மீண்டும் ஓரூரினராவது இனி அரிது. ஆயினும், மாதத்தில் ஒரு காலைப்பொழுதேனும் அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளுதல் எவ்வளவு விரைந்த காலத்திலும் இயல்வதே.